புகார் வராத பேக்கேஜ்கள்

நவம்பர் 3, திங்கள்

மூடுபனி. எட்டு மணிக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. வசந்தா ஸ்வெட்டரை எங்கே வைத்தாளோ. துண்டைப் போர்த்திக்கொண்டேன்.

இந்த வாரம்:

1. பெரிய பேக்கேஜை நான்காகப் பிரிப்பது. மூல நிரல், கருவிகள், விளக்க ஏடுகள், மாதிரிகள். மாதிரி வேண்டாதவர் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.
2. பெயர்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில். எது எதை நம்பி ஓடுகிறது என்று அட்டவணை.
3. மூன்று வருடமாக ஒரு புகாரும் வராத பேக்கேஜ்களை நீக்குவது. புகார் இல்லை என்றால் ஆள் இல்லை.
4. பி.பி. மாத்திரை, பத்து நாளுக்கு.
5. வசந்தா எப்போது வருகிறாள் என்று கேட்பது. அவசரமில்லை.

மாத்திரைக்குப் போனபோது டாக்டர் கேட்டார், ரிட்டையர் ஆனபின் பொழுது எப்படிப் போகிறது என்று. சொன்னேன்: லினக்ஸில் ஓடும் ஒரு கட்டமைப்பு, இயந்திரங்களோடு பேசும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. இலவசம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அதன் பேக்கேஜ்களை, அதாவது புரோகிராம் பொட்டலங்களை, அடுக்கி வைப்பவர்கள் நாங்கள் நான்கு பேர், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மற்ற மூவருக்கும் புரோகிராம் எழுதத் தெரியும். எனக்கு அடுக்க மட்டும்.

"தூக்கம் வருதா?" என்றார்.

வருகிறது. எதுவும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். காலை உப்புமா. மத்தியானமும் அதே.

1 பாதி முடிந்தது. 3 முழுவதும். ஆறு பேக்கேஜ்கள் நீக்கம். ஐந்தில் யோசனை இல்லை. ஆறாவது, பழைய ஒன்பது முள் கேபிள் வழியாக இயந்திரத்தோடு பேசுவது. கொஞ்சம் தயங்கினேன். பிறகு நம் ஸ்டோர்ஸ் விதி. முப்பத்தொரு வருடம் ஃபேக்டரியில் அதைத்தான் செய்தேன்: மூன்று வருடம் யாரும் சீட்டுப் போட்டு வாங்காத சாமான் நகராத சரக்கு. சிவப்பு அட்டை, பிறகு ஸ்கிராப். ஒருநாளும் தவறு வந்ததில்லை. வந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நீக்கியதற்குக் காரணம் எழுத வேண்டும். "பயன்படுத்துவோர் எவருமில்லை" என்று எழுதினேன்.

சாயங்காலம் வசந்தா போன், சிங்காரப்பேட்டையிலிருந்து. தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று போய் ஐந்து வாரம். தங்கை நடக்க ஆரம்பித்தே இரண்டு வாரம்.

"சாப்டீங்களா?"
"ஆச்சு. நீ?"
"ஆச்சு."
"வேற?"
"ஒண்ணுமில்ல."

5ஐக் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்கிறாள். பிரச்சினை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

கரண்ட் ஒரு மணி நேரம் இல்லை. பால் திரிந்தது. 1, 2 நேற்று ராத்திரியே முடித்துவிட்டேன்.

பத்தரைக்கு ஷகிலா கேட்டைத் தட்டினாள். இரண்டு வீடு தள்ளி ஷெட் வைத்திருப்பவள். ஐந்து பெண்கள், டூவீலருக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டுகிற வேலை.

"சார், டெஸ்டிங் மிஷின் படுத்துடுச்சு. கம்ப்யூட்டர்ல என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

போனேன். மேஜைமேல் பலகை, அதில் ஒயர் கட்டைச் சொருகினால் ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துப் பச்சை விளக்கு எரிய வேண்டும், சீட்டு அச்சாக வேண்டும். சீட்டு இல்லாமல் கம்பெனி சரக்கை எடுக்காது. கம்ப்யூட்டர் மிகப் பழையது. பின்னால் ஒன்பது முள் கேபிள்.

அப்போதே தெரிந்துவிட்டது. உட்கார ஸ்டூல் கேட்டேன்.

துபாய் போவதற்கு முன் அவள் தம்பி அமைத்துக் கொடுத்தது. தினமும் காலையில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று காலை புதுப்பித்துக்கொண்டது. ஒரு பேக்கேஜ் போய்விட்டது. காரணமும் திரையில் இருந்தது.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"இதை யாரும் பயன்படுத்தலையாம். அதனால எடுத்துட்டாங்களாம்."

"யாரும் இல்லையாமா? அப்ப நாங்க அஞ்சு வருஷமா இங்க என்ன, பண்ணையில கட்டிவச்ச மாடா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒயர் சீவிக்கொண்டிருந்த லட்சுமம்மா, "மாட்டுக்குன்னா டாக்டராவது வருவாரு" என்றாள்.

"எவன் சார் எடுத்தது?"

"எங்கேயோ இருக்கற ஒருத்தர்."

"வேலையத்தவன். கையில கெடைச்சா ஒயரால கட்டிப்போட்டுருவேன்." பிறகு குரலை இறக்கி: "வெள்ளிக்கிழமை லாட் கம்பெனிக்குப் போகணும் சார். இது ட்ரையல். போகலன்னா ஆர்டரு அத்திப்பள்ளிப் பக்கம் வேற ஷெட்டுக்குப் போயிடும். இவளுங்களுக்கு என்ன சொல்றது?"

பார்க்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். உப்புமா அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மூடுபனி இல்லை. குளிர்.

நீக்கியதைத் திரும்பப் போடுவது சுலபம் என்று நினைத்தேன். இல்லை. அது பழைய, பிரிக்காத பெரிய பேக்கேஜை நம்பி ஓடுவது. அதை நானே நான்காக வெட்டிவிட்டேன். பெயர்களும் மாறிவிட்டன. என் அட்டவணையில் இது மட்டும் இல்லை, ஏனென்றால் நீக்கிய பிறகுதான் அட்டவணை போட்டேன்.

இரண்டு வழி:
அ. என்னிடம் இருக்கும் பழைய பிரதிகளை அவள் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டு, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துவது. ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது.
ஆ. எல்லாருக்குமாகத் திரும்பக் கட்டுவது. இரண்டு நாள். காரணம் எழுத வேண்டும்.

அ செய்தேன். மூன்று மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. லட்சுமம்மா, "தேவுடா" என்று கும்பிட்டாள், என்னையா விளக்கையா தெரியவில்லை. ஷகிலா டீயும் கேக்கும் கொண்டுவரச் சொன்னாள்.

"நீங்க இல்லன்னா தெருவுல நின்னிருப்போம் சார். அந்த எங்கேயோ இருக்கறவன் நல்லாருக்கட்டும், நான் திட்டல."

கேக்கைப் பாதியில் வைத்தேன். டீயை மட்டும் குடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

லாட் போய்விட்டது. டெம்போ தெருவைத் தாண்டுவதை ஜன்னலில் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும். ஒன்றும் வரவில்லை.

ஷேவ் செய்தேன். ஆ வழியைத் தொடங்கினேன். ஷகிலாவுக்குத் தெரியாமல் நான் இருந்தேன், எனக்குத் தெரியாமல் அவள் இருந்தாள். இன்னும் எத்தனை பேரோ.

குழுவுக்குக் கடிதம். ஐந்து முறை எழுதினேன். முதலில் "நீக்கப்பட்டது". பிறகு "நாம் நீக்கினோம்". கடைசியில் "நான் நீக்கினேன், விசாரிக்காமல்". அனுப்பிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். காலையிலேயே போட்டிருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு மணி நேரத்தில் பதில், குழுத்தலைவரிடமிருந்து. திட்டவில்லை. இன்று காலை வேறு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்களாம். ஒருவர் நூற்பாலை, ஒருவர் விதைக் கிடங்கு. இருவருமே இதற்கு முன் எங்களுக்கு எழுதியதில்லை. எப்போது திரும்ப வரும் என்று மட்டும் தலைவர் கேட்டார். நாளை என்றேன்.

நவம்பர் 8, சனி

வெயில். பதினொன்றரைக்குப் பேக்கேஜ் ஏற்றியாகிவிட்டது. புதுப் பெயரில், அட்டவணையோடு. காரணத்தில் என் பெயர்.

பிறகு ஷெட்டுக்குப் போனேன். கேட்டிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாம் முறை லட்சுமம்மா பார்த்துவிட்டாள்.

ஷகிலாவிடம் சொன்னேன். "அந்த எங்கேயோ இருக்கறவன் நான்தாம்மா."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்களா? அன்னிக்கு ஸ்டூல்ல உக்காந்து படிச்சுக் காட்டினீங்களே."

"ஆமாம்."

"ரெண்டு வீடு தள்ளி இருக்கேன் சார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"ஒரு புகாரும் வரலை. அதனால யாரும் இல்லைன்னு..."

"நல்லா ஓடற மிஷினுக்கு எவளாச்சும் புகார் எழுதுவாளா? ஓடாததுக்கே எழுத நேரமில்ல." பலகையில் ஒரு கட்டைச் சொருகினாள். பச்சை. "கட்டிப்போடறேன்னு சொன்னேனே. ஒயர் வேஸ்ட். வீட்டுக்குப் போங்க."

கோபமா என்று தெரியவில்லை. டீ சொல்லவில்லை.

சாயங்காலம் வசந்தா போன்.

"சாப்டீங்களா?"
"ஆச்சு. நீ?"
"ஆச்சு."
"வேற?"
"ஒண்ணுமில்ல."

வைக்கப் போனாள். நான் கேட்டேன்: "வசந்தா, உனக்கு என்மேல குறை ஏதாவது இருக்கா?"

அவள் கேட்டாள்: "நின்னுகிட்டுப் பேசறீங்களா, உக்காந்துகிட்டா?"

"நின்னுகிட்டு."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேனா எடுத்துக்கொண்டேன். மறக்காமலிருக்க எண் போட்டு எழுதினேன். பதினான்கு வந்தது. மீதி நாளைக்கு என்றாள்.

திங்கள்கிழமைப் பட்டியலில் 3, "புகார் இல்லை என்றால் ஆள் இல்லை", தவறு.