முப்பது எஞ்சினியர் வேண்டும்

ஜனவரி 6, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கும் கஸ்தூரி அக்கா காலையில் என் கடைக்கு வந்து, மேசைமேல் ஒரு காங்கிரீட் சில்லை வைத்தார். உள்ளங்கை அகலம்.

"சாம்பார் குண்டான் பக்கத்துல வுயுந்துச்சு எப்சிபா. ஒரு சாண் தள்ளியிருந்தா கொயம்புலதான்."

ஆரம்பாக்கத்தில் வீட்டு பிளான் வரைந்து கொடுத்துப் பிழைக்கிறவள் நான். சில்லின் ஒரு பக்கம் முழுக்கத் துரு. உள்ளே கம்பி உப்பித் தள்ளுகிறது. எங்கள் குப்பத்துப் பள்ளியின் தண்ணீர் டேங்க்கிலிருந்து விழுந்தது; அதன் நிழல்தான் அங்கே ஒரே நிழல். எழுபது பிள்ளைகளும் அதன் அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

ஜனவரி 8

சம்பந்தப்பட்ட அலுவலகத்தில், டேங்க்கைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தொடக்கூட இல்லை. "தனி ஆளு லெட்டர எடுக்க மாட்டோம்மா. சங்கம் கிங்கம் இருந்தா லெட்டர்பேட்ல கொண்டாங்க."

சங்கம் இருக்கிறது. பொறியாளர் சங்கம், ஆரம்பாக்கம் கிளை. செயலாளரே நான்தான். அது எனக்கே சில மாதங்களில் மறந்துபோகும்.

ஜனவரி 9

சென்னைத் தலைமையகத்துக்குப் போன் செய்தேன். உறுப்பினர் வளர்ச்சிப் பொறுப்பாளர் முத்துராஜ் பேசினார். முப்பது பேர் இல்லாத கிளைக்கு லெட்டர்பேட் கிடையாதாம். மார்ச் 31-க்குள் முப்பது வராவிட்டால் கிளையே கிடையாதாம். எங்களிடம் இருப்பது பதினொன்று.

"அதுலயும் சின்னப்பன் சார் தவறி ரெண்டு வருஷமாச்சு. பேரை எடுக்கச் சொல்லி அப்பவே எழுதினேனே" என்றேன்.

"அவரு ஆயுள் உறுப்பினர் மேடம்."

"ஆயுள் முடிஞ்சிருச்சு சார்."

"விலகல் படிவத்துல அவர் கையெழுத்து இல்ல. அதனாலதான் நிலுவையில இருக்கு." கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்ல உறுப்பினர் மேடம். இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்ல."

ஜனவரி 18, ஞாயிறு

நைனா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: "எம் பொண்ணு சங்கத்துக்கு ஆள் சேக்குறா." ஆராதனை முடிந்ததும் வாசலில் நாற்பது பேர்.

"வலை குடுப்பீங்களா?"

"தடைக்காலப் பணம் எப்போ வரும்?"

மீனவர் சங்கம் என்று நினைத்திருக்கிறார்கள். இது எஞ்சினியர்களுக்கானது என்று மூன்று தரம் கத்தினேன். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. ஆறு பேர் மட்டும் போகாமல் நின்றார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பி.இ. முடித்தவர்களாம்.

இவர்களை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். பி.இ. என்பது தெரியாது.

ஜனவரி 27

தேடத் தேட வருகிறார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடை சாம்சன் அண்ணன் மெக்கானிக்கல். ஐஸ் உடைக்கும் மூன்று பேர் கம்ப்யூட்டர். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர் எலக்ட்ரிகல். இத்தனை எஞ்சினியர்கள் இருக்கும் ஊரில் ஒரு தெருக்குழாய் ஒழுங்காக மூடாது.

பிப்ரவரி 3

சுண்ணாம்புக்குளத்துக் கார்த்திக் சிவில், அதுவும் முதல் வகுப்பு. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் பறியின் கயிறு பல்லில். கரையிலிருந்து சங்கத்தின் நோக்கங்களை விளக்கினேன். அவர் "ம்ம் ம்ம்ம்" என்றார். சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

கரைக்கு வந்து பறியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "வேணாம்னு சொன்னேங்க."

பிப்ரவரி 14, சனி

புது உறுப்பினர்கள் ஒரு கூட்டத்திலாவது கலந்துகொண்டால்தான் செல்லுமாம். பேனர், முறையான உடை, புகைப்படம் — எல்லாம் வேண்டும். ஆனால் இறால் படுகிற நேரம். ஏரியில் இறங்குகிறவர்கள் தண்ணீரை விட்டு ஏற மாட்டேன் என்கிறார்கள். வேறு வழி? கூட்டத்தை ஏரியிலேயே வைத்தேன்.

பதிமூன்று பேர், தண்ணீருக்கு மேலே வெள்ளைச் சட்டையும் டையும். தண்ணீருக்குக் கீழே என்ன என்று நான் கேட்கவில்லை. பேனரை இரண்டு படகுகளுக்கு நடுவில் கட்டினோம். வரவேற்புரை சொல்லும்போது பாதிப் பேரைக் காணோம் — இறால் தட்டுப்பட்டால் குனிந்துவிடுகிறார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னேன். ஒருவர் கையில் நண்டு.

கார்த்திக் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டை இல்லை.

பிப்ரவரி 17

தலைமையகத்திலிருந்து பதில்: "கள ஆய்வு சிறப்பு. ஆனால் புகைப்படத்தில் காலணி தெரியவில்லை."

பிப்ரவரி 24

இருபத்துநான்கு பேர் ஆனோம் என்று மகிழ்ந்தது நான்கு நாள்தான். தலைமையகம் எல்லாருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது, உறுப்பினர்களைத் தக்கவைக்க. மறுநாளே ஏழு பேர் விலகிவிட்டார்கள்.

சாம்சன் அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "'உங்க தொழில்ல எவ்ளோ திருப்தியா இருக்கீங்க, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள மார்க் போடுங்க'னு கேக்குறான்மா. நான் இன்னா போடுவேன்? படிச்சதே மறந்துட்டு நிம்மதியா இருந்தேன்."

டீயும் குடிக்காமல் வந்துவிட்டேன். எதுக்கு இந்த வேலை எனக்கு? அவங்க அவங்க பாட்டுக்கு இருந்தாங்க. நான்தான் போய்க் கிளறிவிட்டேன். பேனரும் டையும்! சீ. ஒரு ஆளுகிட்டயாவது அந்த டேங்க்கைப் பத்தி வாயைத் திறந்தேனா?

பிப்ரவரி 25

இல்லை. திறக்கவே இல்லை. கடிதம் கிடைக்க ஆள் வேண்டும் என்று அலைந்ததில், கடிதம் எதற்கு என்பதைச் சொல்ல மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 28, சனி

எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன், விலகியவர்களையும். கூட்டம் இல்லை, ஒன்று காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். கார்த்திக்கும் வந்தார், முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

கஸ்தூரி அக்கா சில்லு விழுந்த இடத்தைக் காட்டினார். கார்த்திக் கஸ்தூரி அக்காவின் இடிகல்லை வாங்கித் தூணைத் தட்டினார். டொக். ஒரு அடி மேலே — டொப். காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நான்கு தூண்களையும் சுற்றி வந்தார். இறால் தடவுகிற அதே விரல்களால் வெடிப்பைத் தடவினார்.

"மூணு தூணு உள்ள பொக்கு. உப்புத்தண்ணில கலந்துருக்காங்க. இதுக்குக் கீயயா புள்ளைங்க துண்றாங்க?" என்றார்.

பிறகு என்னைத் திட்டினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க? சங்கத்தின் நோக்கம், சங்கத்தின் நோக்கம்னு கத்திக்கினு நிக்கிறீங்க!"

சாம்சன் அண்ணன் அன்றே பிள்ளைகள் சாப்பிட வேறு பக்கம் தார்ப்பாய்ப் பந்தல் போட ஆள் பிடித்துவிட்டார். கட்டியவர் எங்கள் எலக்ட்ரிகல்.

மார்ச் 10

முப்பது. நான் ஒருவரையும் தேடிப் போகவில்லை. சின்னப்பன் சாரையும் சேர்த்துத்தான் முப்பது. மன்னிக்கவும் சார்.

மார்ச் 13, வெள்ளி

லெட்டர்பேட் வந்தது, நூறு தாள். அறிக்கையைக் கார்த்திக் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்துகளுக்கே இரண்டு பக்கம். அன்றே நேரில் கொடுத்தோம். போன தடவை என்னைத் துரத்தியவர் எழுந்து நின்று வாங்கினார்.

மார்ச் 20, வெள்ளி

அதிகாரி வந்தார். தூணை ஒரு தட்டுத் தட்டினார். மேலிருந்து குண்டான் அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது, அவருடைய ஜீப்பின் மேலேயே. அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தண்ணீரை வடித்தார்கள், கயிறு கட்டினார்கள். அடுத்த வாரம் இடிக்கிறார்களாம்.

கஸ்தூரி அக்கா எனக்கும் கார்த்திக்குக்கும் இரண்டு முட்டை வைத்தார். கணக்கில் வராத முட்டையாம்.

மார்ச் 30

முத்துராஜ் போன் செய்தார். மிக மகிழ்ச்சியான குரல். "மேடம், உங்க பழைய வேண்டுகோள் ஏத்துக்கிட்டாச்சு. சின்னப்பன் பேரை எடுத்தாச்சு."

"இன்னைக்கா?"

"நிலுவை எதுவும் அடுத்த வருஷத்துக்குப் போகக்கூடாதுன்னு உத்தரவு."

இருபத்தொன்பது. ஒரு நாள்தான் இருக்கிறது. மாலைவரை அலைந்தேன். முப்பதாவது ஆள் சிக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

ஒரே உறையில் இரண்டு கடிதங்கள். முதலாவது, உறுப்பினர் வளர்ச்சியில் இந்த ஆண்டின் சிறந்த கிளை என்று ஆரம்பாக்கத்துக்கு விருது. இரண்டாவது, ஆரம்பாக்கம் கிளை கலைக்கப்பட்டது. விருதைக் கிளைச் செயலாளர் நேரில் வந்து பெறவேண்டுமாம். அப்படி யாரும் இப்போது இல்லை.

நைனாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்டவேண்டியிருந்தது. பிறகு எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது.

ஏப்ரல் 11, சனி

சாம்சன் அண்ணன் கடையில் பெஞ்ச் நிறைய ஆட்கள். கிளை இல்லை, கூட்டமும் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். டீ குடிக்க வந்தோம் என்றார்கள்.

பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி நேராக எங்களிடம் வந்தார். பெயர் ஜமுனாவாம். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். போனில் ஒரு படம் காட்டினார் — வாய்க்கால் பாலம், நடுவில் கை நுழைகிற அளவு வெடிப்பு.

"டேங்க் பாத்த எஞ்சினியருங்க யாருங்க? ஸ்கூல் வேன் இது மேலதான் போவுது."

சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கார்த்திக் கிளாஸைக் கீழே வைத்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கியிருந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் அதன் மேல் கவிந்தன.

"அடுத்த பஸ் எத்தினி மணிக்குங்க?" என்று ஜமுனாவைக் கேட்டார் சாம்சன் அண்ணன், அடுப்பை அணைத்தபடி.