விடுதிச் சுவரில் என் கையெழுத்து

அனுப்புநர்
வலையமைப்புப் பொறியாளர், வயது 31.
மருத்துவமனைக்கு எதிரிலுள்ள விடுதியில், அறை எண் 307-இல், டிசம்பர் 11 முதல் ஜனவரி 27 வரை மனைவியுடன் தங்கியிருந்தவர்.
(பெயர், முகவரி, அடையாளச் சான்று: இணைப்பு 1)

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: விடுதியின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக என் மறைந்த மனைவியின் மின்னஞ்சல் கணக்கு பறிக்கப்பட்டது – விடுதியின் இணைப்புப் பதிவுகளை மார்ச் 21-க்குள் கைப்பற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

என் மனைவி ஜனவரி 27 அன்று காலமானார். அவருடைய நோய் குறித்தோ சிகிச்சை குறித்தோ எனக்கு யார் மீதும் புகார் இல்லை. இந்த மனு வேறொன்றைப் பற்றியது.

1. அந்த விடுதியில் தங்குபவர்களில் பெரும்பாலோர் வெளியூர் நோயாளிகளும் அவர்களுடன் வந்தவர்களும்தான். மருத்துவ அறிக்கை வாங்குவது முதல் வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவது வரை எல்லாமே விடுதியின் வைஃபையில்தான். தொழில் பழக்கத்தால் டிசம்பர் 13 அன்று அதைச் சோதித்தேன். மூன்றாம் மாடி நடைவழியில், தீயணைப்புக் கருவி வைத்திருக்கும் பெட்டியின் மேல் ரவுட்டர் இருந்தது. அதன் நிர்வாகக் கடவுச்சொல் கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றப்படாமல் இருந்தது. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்க்கும் எவரும் உள்ளே புகுந்து, விடுதியின் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கத்தை எல்லா விருந்தினருக்கும் காட்டிவிட முடியும்.

2. அன்றே மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நம்ம வீட்டுப் புள்ள மாதிரி சார், என்னென்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க" என்றார். விடுதியின் பெயர் அச்சிட்ட தாளிலேயே, 'வைஃபை பாதுகாப்புச் சோதனை' என்று தலைப்பிட்டு, ஏழு குறைகளை எழுதிக் கொடுத்தேன். முதலாளி நம்ப வேண்டும் என்று கேட்டதால் கீழே கையொப்பமும் படிப்பும் பதவியும் சேர்த்தேன். ஏழில் ஒன்றை, அதாவது எந்தக் கருவி எப்போது இணைந்தது, ரவுட்டரில் யார் என்ன மாற்றினார் என்ற பதிவைத் தொண்ணூறு நாள் சேமித்து வைக்கும் வசதியை, டிசம்பர் 14 அன்று அவர் முன்னிலையில் நானே இயக்கி வைத்தேன். மற்ற ஆறும் "நாளைக்கே" என்றார். 16ஆம் தேதி "எல்லாம் முடிச்சாச்சு சார்" என்றார். அன்று மனைவிக்கு 103 டிகிரி காய்ச்சல். நான் சோதித்துப் பார்க்கவில்லை. என் தொழிலில் அது குற்றம். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

3. ஆறில் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. செய்யப்பட்டது வேறு. என் தாளில் தலைப்பையும் கையொப்பத்தையும் மட்டும் விட்டுவிட்டு, நடுவிலிருந்த ஏழு குறைகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி போட்டு, நகலெடுத்து, வரவேற்பறையிலும் ஒவ்வொரு மாடி நடைவழியிலும் மாட்டியிருந்தார்கள். நான் குறை என்று எழுதியது நற்சான்றிதழாகிவிட்டது. அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா இதை நேரில் பார்த்தவர். "அவரு சொல்ற நாளைக்கு எந்த நாளைக்குன்னு எங்க யாருக்குமே தெரியாது தம்பி, பசை மட்டும் அன்னைக்கே வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றார். அவர் வேலைக்குப் பாதிப்பு வராதபடி அவரை விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

4. அந்தத் தாளை நானும் பார்த்தேன். நடைவழியில் போகும்போது என் பெயர் தெரிந்தது. நின்று படிக்க நேரமில்லை. மனைவிக்குப் பெருமை. "ஊர்ப் பெட்டியெல்லாம் திறந்து சரி பண்ணுங்க, நம்ம வீட்டுக் குளியலறை பல்பை மட்டும் ஆறு மாசமா மாத்தாதீங்க" என்று கேலி செய்தார். அதே விடுதியில் தங்கி, மருத்துவமனையில் உடன் காத்திருந்தவர்களிடமும் "எங்க வீட்டுக்காரர் பாத்துக் கொடுத்ததுதான், தைரியமா பாஸ்வேர்டு போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களில் மூவர் கணக்குகளை இழந்திருக்கிறார்கள் (இணைப்பு 3).

5. ஜனவரி 19 அன்று பிற்பகல், நான் மருந்துக் கடை வரிசையில் நின்றபோது, மனைவியின் கைபேசியில் விடுதியின் படத்தோடு ஒரு பக்கம் வந்து மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டது. அவர் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை கணக்கு திறக்கவில்லை. "நீங்க பாத்துக் கொடுத்ததுதானேன்னு போட்டேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். ஏழு நாளில் அவர் போய்விட்டார். பிப்ரவரி 16 வரை அந்தக் கைபேசியை நான் தொடவில்லை.

6. அந்தக் கணக்கில் 34 குரல் பதிவுகள் இருந்தன. சொட்டு மருந்து ஏறும் நேரத்தில், தன் தங்கையிடம் விட்டுவந்த எங்கள் நான்கு வயது மகளுக்காக, தானே கட்டிய ஒரு கதையைத் தினமும் கொஞ்சமாகச் சொல்லி வைத்தவை. ஒன்பதைத்தான் தங்கைக்கு அனுப்பியிருந்தார்; கைபேசியில் நகல் இல்லை. மீதியை ஜனவரி 20 அன்று கணக்கைப் பறித்தவர் அழித்துவிட்டார். அழித்தவை அறுபது நாள் மீட்கும் நிலையில் இருக்கும் என்றும், பறிக்கப்பட்டதற்குச் சான்றாக விடுதியின் இணைப்புப் பதிவு காவல்துறை வழியாக வந்தால் திருப்பித் தருவோம் என்றும் மின்னஞ்சல் நிறுவனம் எழுதியுள்ளது (இணைப்பு 4). அறுபதாம் நாள் மார்ச் 21.

7. மார்ச் 2 அன்று மேலாளரை நேரில் கேட்டேன். "பதிவுன்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல சார்" என்றார். நான் இயக்கி வைத்ததை நினைவூட்டினேன். "செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்க. இப்ப வந்து எங்களைக் கேட்டா எப்படி?" என்றார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்.

ஆகவே, பதிவுகள் அழிக்கப்படுவதற்கு முன் ரவுட்டரைக் கைப்பற்றி, ஜனவரி 18 முதல் 20 வரையிலான பதிவை மின்னஞ்சல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இன்றும் அந்த அறைகளில் நோயாளிகள் என் பெயரை நம்பிக் கடவுச்சொல் கொடுத்துக்கொண்டிருப்பதால், அந்தத் தாள்களை உடனே அகற்ற உத்தரவிட வேண்டும். சோதிக்காமல் விட்டதற்கு என்னையும் விசாரிக்க வேண்டுமென்றால் வருகிறேன்.

மகள் ஒன்பதாவது பதிவையே தினமும் கேட்கிறாள். அடுத்து என்ன ஆனது என்று சித்தியைக் கேட்கிறாள், பிறகு என்னைக் கேட்கிறாள். அந்தக் கதை எனக்குத் தெரியாது. என் மனைவி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டுவைக்கவில்லை.

தங்கள் அலுவலர்கள் ஆய்வுக்குப் போகும் நாளையும் நேரத்தையும் தெரிவித்தால் போதும். விடுதிக்குள் வர எனக்கு அனுமதியில்லை. எதிர்ப்புறம், மருத்துவமனை வாசலில் நிற்பேன்.

இடம்: மருத்துவமனைச் சாலை
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்புகள்:
1. அடையாளச் சான்று
2. சுவரில் ஒட்டிய தாளின் படம். வெள்ளைத் தாள் ஒட்டும் முன் நான் எடுத்து வைத்திருந்த அசலின் படம்
3. மூவரின் வாக்குமூலம்
4. மின்னஞ்சல் நிறுவனத்தின் கடிதம்