கோலாலம்பூர் போய் வந்த கறுப்புப் பெட்டி

வெள்ளிக்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. எங்கள் ரந்தாவ் செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தின் பழைய கணக்குக் கணினியை நாளை கழற்றுவதாக இருந்தார்கள். கோலாலம்பூர் தலைமையகத்தின் இணையத்தளத்திலிருந்து, பழம் ஏற்றிவரும் லோரிப் பட்டியலை எடுத்துவர அதற்குத் தெரியாதாம். அது போனால் அதில் கணக்கெழுதும் கிராணியான நானும் வீட்டுக்குத்தான். வேறு எந்தக் கணினியும் என் பேச்சைக் கேட்காது.

அந்தப் பட்டியலை எடுத்துவர நானே எழுதிய நிரலை இன்று ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சைக் கிறுக்கல். தேநீர் கொண்டுவந்த கேண்டீன் சலீம் பாய் எட்டிப் பார்த்தார்.

"என்னா கிராணியம்மா, பேய் புடிச்சிருச்சா?"

"சும்மா இருங்க பாய். ஃபைல் வந்துருச்சுலா! அந்த எழுத்து இதுக்குப் படிக்கத் தெரியல, அவ்ளோதான்."

எழுத்துக் குறியீட்டு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன். லோரி எண்கள் வரிசையாக வந்து நின்றன. இத்தனை வருடம் ஆலைக் கேட்டைத் தாண்டாத கறுப்புப் பெட்டி, கோலாலம்பூர் வரை போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறது!

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்லா."

பெட்டியைத்தான் சொன்னார். நான் என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது யாருமில்லை என்று நினைத்து அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாசலில் சலீம் பாய். விடிந்தால் ரந்தாவ் முழுக்கச் செய்தி. போகட்டும், கும்பிடத்தான் தோன்றியது.