பதினேழு முறை "புரிஞ்சுதா?"

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இந்தச் செய்தியை உன் தங்கையே போனில் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் அவள் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள், அதுவும் எனக்குப் பிடித்த பாதியை. அதனால் முந்திக்கொண்டேன். ஓயாமல் பேசும் நம் ரேடியோ தேறிவிட்டாள்! திங்கட்கிழமையிலிருந்து அவள் பொறுப்பில் எட்டு மாணவர்கள்!

இரு, முதலிலிருந்து வருகிறேன். மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் இளைய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவும் பழக வேண்டும் என்று அவள் கல்லூரியில் இந்த வருஷம் கட்டாயமாக்கிவிட்டார்கள். பத்து நிமிட வகுப்பு, பின்வரிசையில் பேராசிரியர்கள், மூலையில் வீடியோ கேமரா. தேறினால்தான் கையில் ஒரு மாணவர் குழுவைக் கொடுப்பார்கள். நுரையீரல் பிரிவு என்பதால் இவள், நோயாளிக்கு இன்ஹேலரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு ஸ்லைடு! கேட்க வேண்டுமா, மூச்சு விடுவதைப் பற்றி மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். முடிந்ததும் அவளுடைய பேராசிரியை, "உங்க ரயில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு டாக்டர், ஆனா வழியில ஒருத்தரும் ஏறல" என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்களாம், அப்போதும் இப்படியே என்றால் இந்த வருஷம் குழு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "நான் டாக்டராகத்தானே போனேன், டீச்சராகணும்னு யாரு அழுதா" என்று கத்தினாள். முப்பத்தொரு வருஷம் சாக்பீஸ் தூசி தின்றவளிடம் சொல்லும் பேச்சா அது? எனக்குச் சுருக்கென்றது. சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது போலிருக்கிறது, பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மூவரும் அந்த வீடியோவைப் பார்த்தோம். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா, நான் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து நிமிடத்தில் பதினேழு முறை "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறாள், பதினேழு முறையும் எல்லாத் தலையும் ஆடியிருக்கிறது. "விளம்பர இடைவேளை மாதிரி வருதே" என்று உன் அப்பா சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் மட்டும் என்ன செய்தேன்? பின்னம் கூட்டச் சொல்லிக்கொடுத்துப் புரிஞ்சுதா என்பேன், "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை பிய்ந்துகொண்டு போகும், நோட்டைத் திறந்தால் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஐந்தில் இரண்டு என்று இருக்கும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று பிள்ளைகளைத் திட்டினேனே தவிர, என் கேள்வியைத் திட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

மறுநாள் அப்பா, அவளைத் தேற்றுவதற்காக, தானே மாணவனாக வந்து உட்கார்ந்தார். இவள் விளக்கினாள், "புரி" என்று ஆரம்பித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிப்பா, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றாள். இரண்டு வருஷமாக இன்ஹேலர் இழுக்கிறவர் அல்லவா, அனுபவஸ்தர் தோரணையில் தன்னுடையதை எடுத்து, "முதல்ல இப்படி அழுத்தணும்மா" என்று வாயில் வைத்து அழுத்திவிட்டு, நிதானமாக மூக்கால் மூச்சை இழுத்தார். மருந்து முழுக்க வெள்ளைப் புகையாக வாய்வழியே வெளியே வந்து மீசையில் உட்கார்ந்தது! இவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷமா இப்படித்தானாப்பா?" என்று கேட்டதற்கு அவர், "டாக்டர் புரிஞ்சுதான்னாரு, புரிஞ்சுதுன்னேன். நீ கேட்டே, உனக்கும் அதையேதான் சொன்னேன். நீங்கல்லாம் எப்பவும் அவசரத்துல இருக்கீங்க, புரியலைன்னு சொன்னா உங்க முகம் வாடிடுமே" என்றார் பாவம். தன் வீட்டு நோயாளியே இப்படி என்றால் என்று அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, ரேடியோ அணைந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் ஒவ்வொரு படியாகச் சொல்லி, அவரைச் செய்யவைத்து, பிசகிய இடத்தில் நிறுத்தி, மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்துவது கைக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தாள். இப்போது உன் அப்பா நடுவில் நிற்காமல் மாடி ஏறுகிறார், ஏறிய பிறகு மேலே இருந்து எனக்குக் குரல் வேறு கொடுக்கிறார்.

நேற்றுதான் இரண்டாவது வகுப்பு. வீடியோவை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். நாற்பத்திரண்டு ஸ்லைடு மூன்றாகியிருந்தது. மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலரை ஆளுக்கொன்று கொடுத்து, இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் டாக்டர் ஒருவர் நோயாளி, நோயாளி திரும்பச் செய்துகாட்டினால்தான் டாக்டருக்கு விடுதலை என்றாள். பின்வரிசையில் ஒரு மூத்த பேராசிரியரும் ஆசையாக ஒன்று வாங்கி, அப்பா மாதிரியே முதலில் அழுத்திவிட்டார்! "இருபது வருஷமா சீட்டுல எழுதறேன், ஒருநாள் இழுத்துப் பார்த்ததில்லையே" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்தப் பேராசிரியை மாணவர் பட்டியலை வாங்கி எட்டுப் பேருக்கு மேலே உன் தங்கையின் பெயரை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் வெளியே வந்து எனக்கு போன் செய்து, "அம்மா, நான் டீச்சர்மா" என்றாள். நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன், அது பொங்கி வழிந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

உன் அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு நீ வேலை சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாயே, அவர்கள் தலையாட்டினால் உடனே நம்பிவிடாதே, செய்துகாட்டச் சொல். உன் முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை எனக்குப் படிப்படியாக எழுதி அனுப்பு. "செய்யறேம்மா" என்ற பதில் இனிமேல் இந்த வீட்டில் செல்லாது.

இன்னொன்று, திங்கட்கிழமை வகுப்புக்கு நோயாளியாக வரச்சொல்லி அப்பாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதலில் தப்பாகச் செய்ய வேண்டும், மாணவர்கள் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தப்பாகச் செய்து பழகுகிறார், பாவம், இப்போது சரியாகவே வந்து தொலைக்கிறது.

ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் மனம் நிறைந்து இரு கண்ணா, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. திங்கட்கிழமை மாலை தங்கைக்கு மறக்காமல் போன் செய். வகுப்பு நன்றாக நடந்ததா என்று கேட்காதே, எந்த மாணவன் என்ன கேட்டான் என்று கேள், அப்புறம் பார், ரேடியோவை நிறுத்தவே முடியாது.

பூரிப்போடு,
உன் அம்மா