லீவுத் தலைவலி

பக்கத்து வீட்டில் ஆசாரி அலமாரிக்கு மைக்கா ஷீட் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பசை டப்பாவை அவர் திறந்ததும் வாசனை என் ஜன்னல் வழியே வந்தது. லீவு விட்ட மறுநாளிலிருந்து மண்டையைப் பிளந்துகொண்டிருந்த தலைவலி, அந்த வாசனையில் லேசாகக் குறைந்தது. இன்னொரு மூச்சு இழுத்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. சட்டென்று எழுந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் இது புரியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில், பேஸ்டிங் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருஷம் தோலில் பசை தடவினோம். ஆர்டர் வந்துவிட்டால் ஞாயிறும் கிடையாது, ஓவர்டைம்தான். பொங்கலுக்கு விடுகிற, அதிலும் நடுவில் ஓவர்டைமுக்கு ஆள் கூப்பிடுகிற, ஒரு வார லீவுதான் நமக்கு ஓய்வு. அதற்கு நீ ஆடி மாதமே திட்டம் போட ஆரம்பித்துவிடுவாய். "இந்த வாட்டி ஒரு வேலை செய்ய மாட்டேன்டி. சும்மா படுத்துக் கெடந்து புதுசா எழுந்து வருவேன், பாரு" என்பாய்.

ஒரு வருஷம் உன் பேச்சைக் கேட்டு ஏலகிரி போனோமே, ஞாபகம் இருக்கிறதா? செத்தவளைப் பார்த்து ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறேன், என் புத்தி. மலை ஏறியதிலிருந்து நீ தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். படகுத் துறையில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நீ படியில் சுருண்டு கிடந்தாய். "இங்க காத்து ஜாஸ்திடி, ஒத்துக்கல. கீழ போய்டலாம்" என்றாய். நல்ல காற்றைக் குற்றம் சொன்ன பெண் உலகத்திலேயே நீ ஒருத்திதான். லீவு முடியும் முன்பே ரெண்டு பேரும் ஓவர்டைமுக்குப் போனோம், நீ கையில் பிரஷ் எடுத்தாய். டீ வருவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். "பாத்தியா, எனக்கு லீவுதான் எதிரி" என்று ஊருக்கே சொன்னாய். அந்தச் செக்‌ஷனில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வேலையை விட்டால் தலை வலிக்கும், பசைக்குப் பக்கத்தில் வந்தால் போய்விடும். அதற்குப் பேர் உழைக்கிற உடம்பு என்று நாமே சொல்லிக்கொண்டோம்.

போன பொங்கல் லீவிலும் உனக்குத் தலைவலி வந்தது. உன் வீட்டுக்காரர் வேலூருக்குப் போய்க் காட்டலாம் என்றார். நீ சிரித்தாய் என்று அவர் பிறகு சொல்லி அழுதார். "ஃபேக்டரிக்குப் போனா போய்டற வலிக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றாயாம். ஓவர்டைமுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தாய். "ரொம்ப பேஜாரா கீதுடி. நாளைக்கு நானும் வர்றேன்."

வந்தாய். டப்பாவைத் திறந்து, குனிந்து மூச்சு இழுத்தாய். நாலைந்து தோலுக்குப் பசை தடவினாய். "இன்னும் போவலயே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். அப்படியே மேசைமேல் சாய்ந்தாய்.

உன்னை வேனில் ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். சூப்பர்வைசர் தடுத்தார். "நீ இன்னா பண்ணப்போற அங்க? அவ தடவி வெச்சதெல்லாம் காஞ்சிடும். ஒட்டிட்டுப் போ" என்றார். நீ பசை தடவி வைத்த தோலை நான்தான் ஒட்டினேன். அந்த ஷூக்கள் எந்த நாட்டில் எந்தக் காலில் இருக்கின்றனவோ, அந்தக் கால் நாசமாய்ப் போகட்டும் என்று வாய் வரைக்கும் வருகிறது.

வேலூரில் டாக்டர், மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொல்லி, தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாராம். "லீவு வுட்ட அன்னிக்கு" என்றார் உன் வீட்டுக்காரர். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கம்பெனியில் புத்துணர்ச்சி முகாம் வைத்தார்கள். வெள்ளை உடையில் ஓர் அம்மா வந்து, வேலையும் வாழ்க்கையும் தராசு மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்றார். பிறகு கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னார், பசை டப்பாக்கள் அடுக்கியிருந்த அந்த ஹாலிலேயே. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மா, நல்லா ரிலாக்ஸ் ஆகுறீங்க என்று பாராட்டினார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது, அதே சூப்பர்வைசர். ஆள் கம்மியாம், ரெண்டு நாள் வந்து கொடுக்க வேண்டுமாம். தலை வலிக்கிறது சார் என்றேன்.

"வந்தா சரியாய்டும்மா" என்றார், சாதாரணமாக.

அது பசை கேட்கிற வலி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. உனக்கு வந்த வலியோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் எழுந்து போய்விடக் கூடாது என்று பாயை விரித்துப் படுத்தேன்.

அதற்குமேல் எழுத முடியவில்லை. அன்று ராத்திரியும் அடுத்த நாளும் வலி உயிரை எடுத்தது. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தேன். நேற்றுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் கவனித்தேன், வலி இல்லை. தானாகவே போயிருந்தது.

பொறுத்துக் கிடந்தால் அது போய்விடும், அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வருஷம் முழு லீவையும் நீ வீட்டில் கழித்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். போன பொங்கலுக்கு வந்தது வேறு வலி என்றும் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் ஓய்வு ஓய்வு என்று வாய் ஓயாமல் பேசினாய், ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கக் கூடாதா, பாவி.

இன்று காலையில் வாசலில் வெயிலில் உட்கார்ந்து டீ குடித்தேன். இஞ்சி வாசனை தனியாக, பால் வாசனை தனியாகத் தெரிந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது. ஓய்வு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இந்த வயதில்தான் கண்டேன். நீ அதை ஒரு நாள்கூடப் பார்க்காமல் செத்தாய். உன்மேலும் அவர்கள்மேலும் எனக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சமும் தணியவில்லை. திங்கட்கிழமை அதைத்தான் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறேன்.