லின் தைத்த கொடி

ஸ்கார்பரோ,
2.7.1994

அன்புள்ள சிவமலருக்கு,

நீரும் பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கனடா தினத்துக்காக எங்கள் தொழிற்சாலையில் வேலையாட்களின் நாட்டுக் கொடிகளைக் கட்டினார்கள். என்னோடு பெட்டி அடுக்கும் தைவான் பெண் லின் தன் கொடியைத் தானே தைத்துக்கொண்டு வந்தாள். கனடா அங்கீகரிக்காத அரசாங்கத்தின் கொடியைக் கட்டக்கூடாதென்று சொல்லி மனேஜர் அதைக் கழற்றிவிட்டார். லின் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

கூட வேலை செய்யும் நவரட்ணம் அண்ணை, "உந்தப் பிள்ளைக்காவது ஒரு கொடியிருக்கு. சண்டைக்குத் தப்பி ஓடிவந்த நாங்கள் எதை எங்கடையெண்டு கட்டச் சொல்லுறது, தம்பி?" என்றார். நான் எழும்பி லினுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

உமது குரலைக் கசற்றில் பதிந்து அனுப்பும். யோசித்து ஒன்றும் பேச வேண்டாம். பிள்ளையை ஏசுவதைப் பதிந்தாலே போதும். பஸ் தரிப்பில் இருந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

உம்முடைய,
குணசீலன்