நீங்க கிழிச்ச சட்டை

தூங்குற மகராசருக்கு,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. நெத்திக்கட்டு நனையாம முகம் கழுவுங்க.

எனக்குச் சட்டை மார்புக்குச் சரியா எடுத்தா இடுப்புல இன்னொரு ஆள் குடியிருக்கலாம். இடுப்புக்கு எடுத்தா மூச்சு விட முடியாது. கடை கடையா ஏறி இறங்கி, கடைசியில தையல்காரக்கா கையாலதான் ஒண்ணு பொருந்துச்சு. வேலைக்குப் போட்டுப்போற சாதாரணச் சட்டை. "தெருவே உன்னைத்தான் பாக்குது"ன்னு, நேத்து ராத்திரி என் உடம்புல இருக்கும்போதே பிடிச்சு இழுத்துக் கிழிச்சீங்க. நானும் கரண்டியால ஒண்ணு வெச்சேன். உங்க புருவத்துலயும் தையல் விழுந்துச்சு.

காலையில அக்காகிட்ட காட்டினேன். "அடியே, துணி கிழியலை, தையல்தான் பிரிஞ்சிருக்கு. முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் முழுசா இருக்கு. இதையே அளவா வெச்சு எத்தனை வேணும்னாலும் வெட்டலாம்"னா. வியாபாரி பெத்த பொண்ணு நான், சேதாரத்துல லாபம் பாக்காம விடுவேனா? துணியோட அவ கடைக்குத்தான் கிளம்பிட்டேன்.

எந்தத் துணின்னு கேக்குறீங்களா? அலமாரியைத் திறங்க. உங்க முழுக்கைச் சட்டை ஒவ்வொண்ணுலயும் கை மட்டும்தான் மிச்சம்.

பி.கு.: மாத்திரை தண்ணிச் சொம்பு பக்கத்துல. வெறும் வயித்துல போடாதீங்க.

இன்னொண்ணு: மறுபடி என்மேல கை நீட்டினா, அந்தச் சட்டைக் கைகளும் உங்களுக்குத் தேவைப்படாது.